1,200 அணுக்களுக்குக் கணக்குப் போடப் பணம் கட்டலாமா?

கேள்வி: டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 100 அணுக்களுக்கு டி.எஃப்.டி. (எலக்ட்ரான்களின் நிலையைக் கணிக்கும் குவாண்டம் முறை) ஓட்டவே துறைக் கணினிக்கு ஒரு நாள் ஆகிறது. நெறியாளர் 1,200 அணு கேட்கிறார். காசுக்குக் கணக்குப் போட்டுத் தரும் ஒரு சென்டரில் பணம் கட்டினால் பத்து நாளில் முடித்துத் தருவார்களாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். இவர்கள் தருவது வண்ணப் படங்களும் ஒரு பேண்ட் கேப் (எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி) எண்ணும்தான். இன்புட், அவுட்புட் ஃபைல் கேட்டால் மழுப்புவார்கள். துகளிலிருந்து முப்பது அணுவைப் பெயர்த்தெடுத்து, அறுந்த பிணைப்புகளை அப்படியே விட்டு, 'நானோ துகள்' என்று தலையில் கட்டுவதும் உண்டு. ஓட்டுவது உரிமமில்லாத வாஸ்ப் மென்பொருள் என்றால், கட்டுரையில் பெயர் போட்டு மாட்டப்போவது நீங்கள். வைவாவில், கணக்கின் துல்லியத்தைத் தீர்மானிக்கும் கட்ஆஃப் எவ்வளவு என்று கேட்டால் சென்டர்காரர் வந்து பதில் சொல்ல மாட்டார்.

உங்கள் கணினியிலும் நடக்காது. வழக்கமான முறையில் அணுக்கள் இரட்டித்தால் வேலை சுமார் எட்டு மடங்கு. பன்னிரண்டு மடங்கானால் 1,728 நாள். ஃபெல்லோஷிப்பே ஐந்து வருஷம்தான்.

முழுத் துகள் எதற்கு என்று நெறியாளரிடம் கேளுங்கள். பரப்பில் சாயம் ஒட்டுவதைப் பார்க்கத்தான் என்றால் 100, 200 அணு ஸ்லாப் (பரப்பின் மெல்லிய பலகை) போதும். துகளேதான் வேண்டுமென்றால் சிபி2கே என்ற டி.எஃப்.டி. மென்பொருளை எடுங்கள், இலவசம். திருச்சி என்.ஐ.டி.யில் 2022 முதல் பரம் பொருள் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது, நேரம் கிடைக்குமா என்று நெறியாளர் வழியாக விசாரியுங்கள். கணக்கு ஓடும் நேரத்தைவிட விண்ணப்பம் கையெழுத்துக்காக மேஜையில் கிடக்கும் நேரம்தான் அதிகம். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

ஒன்று கவனம். பாதியில் நெறியாளர் 'துகள் மேலே கொஞ்சம் வெள்ளி வைத்துப் பார்' என்பார். சிபி2கேயின் வேகமான ஓ.டி. முறை பேண்ட் கேப் உள்ள பொருளுக்குத்தான். கேப் இருந்தால் ஓரிடத்து எலக்ட்ரானுக்குத் தொலைவில் நடப்பது அவ்வளவாக உறைக்காது. அணுக்களுக்கு நேர்விகிதத்தில் வேலை கூடும் லீனியர் ஸ்கேலிங் முறைகளும் அதை நம்பியே நிற்கின்றன. உலோகத்தில் அந்தச் சலுகை இல்லை. வெள்ளி வந்ததும் பழைய, மெதுவான வழிக்கே திரும்ப வேண்டும். 2023ல், சூப்பர் கம்ப்யூட்டர் கணக்குகளுக்கான கார்டன் பெல் பரிசு வாங்கிய மிச்சிகன், பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. குழு உலோகக் கலவைகளில் பெரிய கணக்குகளைப் போட்டதே என்பீர்கள். அவர்களிடம் அமெரிக்காவின் ஃபிரான்டியர் சூப்பர் கம்ப்யூட்டர் இருந்தது.

அட்வான்ஸ் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? அப்படியானால் அனடேஸ் என்ற டைட்டானியம் டை ஆக்சைடு படிகத்துக்கு, டி.எஃப்.டி.யில் வழக்கமான பி.பி.இ. முறையில் பேண்ட் கேப் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். அந்த முறையில் 2 சொச்சம் எலக்ட்ரான் வோல்ட்தான் வரும்; சோதனை மதிப்பு 3.2. அச்சாக 3.2 என்று சொன்னால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.