மாமியாருக்கு வேண்டியது கட்டில். கொட்டேஷனில் இருப்பது ஃபால்ஸ் சீலிங்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): குரோம்பேட்டையில் 780 சதுர அடி, இரண்டு படுக்கையறை ஃபிளாட். 2021-ல் சதுர அடி 6,200 ரூபாய்க்கு வாங்கினோம். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 92,000 வருகிறது. வீட்டுக் கடன் தவணை 34,500. இன்னும் 16 வருடம் பாக்கி. சோபா, வார்ட்ரோப், ஏ.சி. தவணைகள் 9,450. செலவு போக மாதம் 11,000 ஆர்.டி.யில் போடுகிறோம். தை மாதத்திலிருந்து மாமியார் எங்களோடுதான் இருக்கப் போகிறார். வீட்டிலோ கால் வைக்க இடமில்லை. "அம்மா வர்றதுக்குள்ள இன்டீரியர் முழுசா பண்ணிடுங்க" என்கிறார் கொழுந்தனார். மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், டி.வி. யூனிட், சுவரில் மடக்கும் கட்டில் எல்லாம் சேர்த்து ஒரு நிறுவனம் 6.4 லட்சம் கேட்கிறது. பர்சனல் லோன் நல்லதா, வீட்டுக் கடனோடு சேர்த்துக் கூடுதலாகத் தரும் டாப்-அப் லோன் நல்லதா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் உங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைப் பார்ப்போம். வீடு நெருக்கடியாகத் தோன்றும்போதெல்லாம் தவணையில் ஒரு மரச்சாமான் வாங்குகிறீர்கள். அது வந்து இன்னும் கொஞ்சம் தரையை அடைக்கிறது. 8-க்கு 6 அடி 'எல்' சோபா என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கை ஆழம் இரண்டே முக்கால் அடி என்றால் அது பிடிக்கும் தரை 31 சதுர அடி. நீங்கள் வாங்கிய விலைக்கு அந்தத் தரையே 1.92 லட்சம் ஆகிறது. அதன் மேல் மாதம் 3,200 தவணை வேறு. 'நோ காஸ்ட்' தவணைதானே என்று நினைக்காதீர்கள். வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது.

கணக்குக்கு வருவோம். 6.4 லட்சம் பர்சனல் லோன், 14 சதவீதம், 5 வருடம்: தவணை சுமார் 14,900. மூன்று கடன்களும் சேர்ந்து 58,850, அதாவது சம்பளத்தில் 64 சதவீதம். மிச்சம் 33,000-ல் பள்ளிக் கட்டணம், மளிகை, இனி மாமியாரின் மருந்தும். டாப்-அப் 9 சதவீதத்தில் மாதம் 6,300 தான் என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். 16 வருடம் கட்டினால் மொத்தம் 12.1 லட்சம். கிச்சன் லேமினேட் உரிந்து, ஷட்டர்களை மாற்றிய பிறகும் அதன் கடன் ஓடிக்கொண்டிருக்கும். வரிச் சலுகை என்றும் சொல்வார்கள். நீங்கள் இருவரும் புதிய வரி முறையில் இருக்கிறீர்கள். அதில் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது.

அந்தக் கொட்டேஷனில் மாமியாருக்கென்று இருப்பது மடக்குக் கட்டில் ஒன்றுதான். அதுவும் அவருக்கு ஆகாது. வயதானவர் பகலில் இரண்டு மூன்று முறை படுப்பார். ஒவ்வொரு முறையும் யார் இறக்கி ஏற்றுவது? 6-க்கு 3 அடி சாதாரணக் கட்டில் போதும். மெத்தையோடு உயரம் 18 முதல் 20 அங்குலம் இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் எழுந்திருக்க முழங்கால் விடாது. கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி ஒன்று, வழுக்காத தரைவிரிப்பு, இரவு விளக்கு. கம்பியை டைல்ஸோடு நிறுத்தாமல், திருகு உள்ளே செங்கல் வரை இறங்கும்படி மாட்டச் சொல்லுங்கள். டைல்ஸில் மட்டும் பிடித்திருக்கும் கம்பி, அவர் பாரம் முழுவதையும் போடும் நாளில் பிடுங்கிக்கொண்டு வரும். கட்டில், மெத்தை, குளியலறை வேலை எல்லாம் 25,000-க்குள் அடக்கலாம். மூன்று மாத ஆர்.டி. பணம் போதும்.

அவர் தங்கப்போகும் இரண்டாவது அறை 10-க்கு 10. அதில் இரண்டு பீரோ, வார்ட்ரோப், உடற்பயிற்சி சைக்கிள், கம்ப்யூட்டர் மேசை. ஒரு பீரோவும் சைக்கிளும் வெளியேறட்டும். கல்யாணச் சீராக வந்த பீரோவைக் கொடுக்க மனம் வராது, தெரியும். அப்படியானால் மற்றதைக் கொடுங்கள். பரணில் இருக்கும் அட்டைப்பெட்டிகளையும் உடைந்த மிக்ஸியையும் இறக்கினால் சூட்கேஸ்கள் மேலே போய்விடும்.

சமையலறைக்கு அவசரமில்லை. மேடைக்குக் கீழே கடப்பா கல் தடுப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன என்கிறீர்கள். அப்படியானால் புதுப் பெட்டிகள் எதற்கு? சேனலில், அதாவது இழுத்துத் தள்ளும் தண்டவாளத்தில், ஓடும் எவர்சில்வர் கூடைகளும் ஷட்டரும் (கதவுகளும்) போதும். கடப்பா தடுப்பு மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்காது, அரை அங்குலம் வித்தியாசம் வரும். மூன்று இடத்தில் அளந்து, குறுகலான அளவை எடுத்துக்கொள்ளுங்கள். கூடை அகலத்தோடு சேனலுக்கு இருபுறமும் அரை அரை அங்குலம் வேண்டும். சிங்க் அடியில் ஐஎஸ் 710 முத்திரையுள்ள, தண்ணீரைத் தாங்கும் பிளைவுட் அல்லது பிவிசி. பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் பட்டால் உப்பிவிடும், பிறகு கீல் நிற்காது. சிலிண்டர் வைக்கும் அறையின் கதவில் கீழ்ப்பக்கம் காற்றுத் துளைகள் கட்டாயம். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். எட்டுக் கூடை, ஷட்டர், பரணுக்குக் கதவு எல்லாம் சேர்த்து 60,000 முதல் 70,000 வரை ஒதுக்குங்கள். சோபா தவணை ஏழு மாதத்தில் முடிகிறது. அந்த 3,200-ஐயும் ஆர்.டி.யில் சேர்த்து, பணம் சேர்ந்தபின் ஆளைக் கூப்பிடுங்கள்.

ஃபால்ஸ் சீலிங்குக்கு 1.1 லட்சம் போட்டிருக்கிறார்கள். இடம் பற்றாத வீட்டில் கூரையை அரை அடி கீழே இறக்கக் காசு கொடுக்காதீர்கள்.

கொழுந்தனாரிடம் உங்கள் கணவரே பேசட்டும். இரண்டு பிள்ளைகளுக்கும் அவர் அம்மாதானே; கட்டிலும் குளியலறை வேலையும் உன் பங்கு என்று கேட்பதில் தப்பில்லை. நிறுவனம் 'இந்த மாதம் மட்டும் இந்த விலை' என்று புக்கிங் தொகை கேட்டால் கட்டாதீர்கள். கட்டிவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.