கேஸ் தொல்லை இருக்கட்டும், ஹீமோகுளோபின் ஏன் 9.4?

கேள்வி: எனக்கு வயது 54. விசைத்தறி ஓட்டுகிறேன். ஒரு வருடமாக வயிறு உப்புசம், ஏப்பம். காலையில் போனாலும் முழுசாகப் போன திருப்தி இல்லை. மலத்தில் தக்காளித் தோல், கீரை அப்படியே வருகிறது. சில நாள் மிதக்கிறது. நாக்கில் வெள்ளை படிகிறது. மூன்று வருடமாகத் தினமும் கேஸுக்குப் பேண்டப்ரசோல் 40 போடுகிறேன். முட்டி வலிக்கு மெடிக்கலில் வாங்கும் மாத்திரை வாரத்துக்கு நாலைந்து. போன மாதம் முகாமில் ஹீமோகுளோபின் 9.4 என்றார்கள். டானிக் குடிக்கிறேன், கொஞ்சம் தெம்பாக இருக்கிறது. என் பெரியப்பா குடல் புற்றுநோயில் இறந்தவர். யூடியூபில் சொல்வதெல்லாம் எனக்கு அப்படியே பொருந்துகிறது. குடலைச் சுத்தம் செய்யும் சூரணம் வாங்கிச் சாப்பிடலாமா?
— வாசகர், குமாரபாளையம்

பதில்: சூரணம் வேண்டாம். நீங்கள் பயப்படுவது புற்றுநோய்க்கு. ஆனால் அதை ஏப்பத்திலும் தக்காளித் தோலிலும் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். தேட வேண்டிய இடத்தை நீங்களே ஒரு வரியில் எழுதிவிட்டு, டானிக் குடிப்பதாகச் சொல்லித் தாண்டிவிட்டீர்கள். 54 வயது ஆணுக்கு ஹீமோகுளோபின் 9.4 இருந்தால், எதனால் குறைந்தது என்று கண்டுபிடிக்காமல் விடக்கூடாது.

ஆண்களுக்கு 13க்குக் கீழே போனாலே ரத்தசோகை. பெண்களுக்கு மாதவிடாயில் இரும்புச்சத்து போவதற்கு ஒரு வழி இருக்கிறது. உங்களுக்கு அந்த வழி கிடையாது. ஆகவே இது இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகை என்று உறுதியானால், உணவுக்குழாயிலிருந்து ஆசனவாய் வரை எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். 'சரியாகச் சாப்பிடுவதில்லை, அதனால்தான்' என்று இந்த வயதில் பார்க்காமலே முடிவு கட்டுவது ஆபத்து.

'ரத்தம் எதுவும் போகவில்லையே' என்பீர்கள். கணக்கைப் பாருங்கள். உடல் ஒரு நாளில் உணவிலிருந்து எடுத்துக்கொள்ளும் இரும்பு 1 முதல் 2 மில்லிகிராம். ஒரு மி.லி. ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. தினம் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. கசிந்தால் இரண்டரை மில்லிகிராம் வெளியே போகிறது. வரவைவிடச் செலவு அதிகம். மாதக்கணக்கில் இது நடந்தால் கையிருப்பு தீர்ந்து ஹீமோகுளோபின் இறங்கும். ஒரு டீஸ்பூன் ரத்தம் மலத்தோடு கலந்து வந்தால் கண்ணுக்குத் தெரியாது. மேல்வயிற்றில் கசிந்து மலம் தார் மாதிரி கறுப்பதற்கே 50 முதல் 100 மி.லி. வேண்டும்.

பெருங்குடலின் வலப்பக்கம் இதில் குறிப்பாக ஏமாற்றும். அங்கே குடல் அகலம், மலமும் கூழாகத்தான் இருக்கும். கட்டி வளர்ந்தாலும் சீக்கிரம் அடைக்காது, வலிக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். படி ஏறினால் மூச்சு வாங்குவதும் ஹீமோகுளோபின் குறைவதும் மட்டுமே பல மாதங்களுக்கு அதன் அறிகுறி. அந்த நேரத்தில் டானிக் குடித்துத் தெம்பு வந்தால் காரணம் மறைந்துபோகும். டானிக்கால் ஹீமோகுளோபின் ஏறுவதை வைத்து, கசிவு இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

உங்களுக்குப் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. என் முதல் சந்தேகம் உங்கள் முட்டி வலி மாத்திரையின் மேல். அட்டையின் பின்பக்கம் டைகுளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், நேப்ராக்ஸன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பாராசிட்டமாலோடு சேர்ந்தும் இருக்கும். இவை இரைப்பையிலும் சிறுகுடலிலும் புண்ணை உண்டாக்கி ரத்தம் கசிய வைக்கும். 'கேஸ் மாத்திரை சேர்த்துத்தானே போடுகிறேன்' என்ற தைரியம் பாதிதான் செல்லும். பேண்டப்ரசோல் இரைப்பையையும் முன்சிறுகுடலையும் காக்கும். அதற்குக் கீழே இருக்கும் பல அடி குடலை அது காப்பதில்லை. போதாக்குறைக்கு, வருடக்கணக்கில் அமிலத்தைக் குறைத்தால் இரும்பு உறிஞ்சப்படுவதும் குறையலாம். ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி, செருப்பில்லாமல் மண்ணில் நடப்பவர்களுக்கு வரும் கொக்கிப்புழு, மூலம் ஆகியவையும் காரணமாகலாம். இவற்றில் எது என்பதை ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். மாத்திரைதான் காரணம் என்று நினைத்து அதை நிறுத்தியதோடு பரிசோதனையைக் கைவிட்டுவிடாதீர்கள். அது நான் அதிகம் அஞ்சும் தவறு.

இந்த வாரம் ரத்தப் பரிசோதனை: முழு ரத்த அணு எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடலின் இரும்புக் கையிருப்பு), சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டுவது), வைட்டமின் பி12, கிரியாட்டினின். எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 80க்குக் கீழே, ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு என்பதில் சந்தேகமில்லை. உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், அதற்காகத்தான் சி.ஆர்.பி. வலி மாத்திரை சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதால் கிரியாட்டினின்.

முடிவுகளோடு இரைப்பை குடல் மருத்துவரைப் பாருங்கள். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி, ஆசனவாய் வழியாகப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி இரண்டும் வேண்டும். பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். மேலே ஒரு சின்னப் புண் தெரிந்தால் 'காரணம் கிடைத்துவிட்டது' என்று கீழே பார்க்காமல் வந்துவிடாதீர்கள். வயிற்று ஸ்கேன் இதற்கு மாற்று ஆகாது, அது குடலின் உட்சுவரைக் காட்டாது. மலத்தில் மறைந்த ரத்தம் பார்க்கும் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தாலும் உங்கள் நிலையில் அது எதையும் நிரூபிக்காது. சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை புற்றுநோயைக் கண்டுபிடிப்பதற்கானதே அல்ல, பணத்தை வீணாக்காதீர்கள்.

கொலோனோஸ்கோபி எவ்வளவு நன்றாக அமையும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. இரும்பு டானிக்கை ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். குடல் முழுக்கக் கறுப்பாக ஒட்டிக்கொண்டு பார்வையை மறைக்கும். இரண்டு மூன்று நாள் முன்பிருந்து கீரை, கொய்யா, தக்காளி, சிறுதானியம், விதையுள்ள எதுவும் வேண்டாம். வெள்ளைச் சோறு, இட்லி, மோர் போதும். முந்தைய நாள் இளநீர், வடிகட்டிய ரசம் போன்ற தெளிந்த திரவம் மட்டும். பேதிக்கான பவுடரை அவர்கள் சொல்லும் அளவு தண்ணீரில், வழக்கமாக 2 லிட்டர் அல்லது அதற்கு மேல் கரைத்து, பாதியை முந்தைய மாலையும் மீதியை அன்று விடியற்காலையும் குடிக்க வேண்டும். ராத்திரியே முழுவதையும் குடித்து முடித்தால் காலைக்குள் வலப்பக்கக் குடலில் மறுபடி படலம் படியும். நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டிய பக்கம் அதுதான். கடைசியாகப் போவது சிறுநீர் மாதிரி தெளிவான மஞ்சளாக இருக்க வேண்டும். பழுப்பாகவே வந்தால் பரிசோதனைக்குப் படுப்பதற்கு முன்பே அங்குள்ளவர்களிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை எது இருந்தாலும் தேதி வாங்கும்போதே சொல்லுங்கள். மயக்கம் கொடுப்பார்கள், துணைக்கு ஆள் வேண்டும். அன்று வண்டி ஓட்டவோ தறியில் நிற்கவோ கூடாது.

பரிசோதனையில் பாலிப் என்ற சிறிய சதை வளர்ச்சி தெரிந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள். பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இப்படியொரு பாலிப்பில் தொடங்கிப் பல வருடங்கள் எடுத்து வளர்பவை. எடுத்துவிட்டால் அது புற்றாக மாறும் வழியே அடைபடுகிறது. பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் இழப்பது இந்த வாய்ப்பைத்தான்.

பெரியப்பாவின் நோய் உங்கள் ஆபத்தைக் கொஞ்சம்தான் கூட்டும். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களுக்கு வந்திருந்தால் கணக்கு வேறு. அவருக்கு எந்த வயதில் வந்தது, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை. ஒரு நாளில் பத்து இருபது முறை காற்று பிரிவது இயல்பு. ஏப்பம் பெரும்பாலும் விழுங்கிய காற்று. அவசரமாகச் சாப்பிடுவதை நிறுத்துங்கள். தக்காளித் தோலும் கீரை நாரும் யாருக்கும் செரிக்காது. மலம் மிதப்பது அதிலுள்ள காற்றால். எண்ணெய்ப் பசையோடு, நாறி, தண்ணீர் ஊற்றியும் போகாமல் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். நாக்கில் வெள்ளை படிவதற்கும் குடலுக்கும் சம்பந்தமில்லை. குடல் சுவர் ஒழுகுகிறது என்று வீடியோக்கள் சொல்லும் 'ஓட்டைக் குடல்' உங்கள் நோய் அல்ல, அதை அடைக்கும் பொடியும் கிடையாது. குடல் சுத்தச் சூரணங்கள் பலவற்றில் நிலாவாரை இருக்கும். அது பேதியைக் கிளப்பும். அதிகமானால் பொட்டாசியத்தை இறக்கும். ரத்தம் எங்கே கசிகிறது என்று தெரியாத குடலுக்கு அது தேவையில்லை.

வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுபவராக இருந்தால் அதை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. முட்டிக்கு வெளியே தடவும் டைகுளோஃபினாக் ஜெல், தேவைப்பட்டால் பாராசிட்டமால் 650. ஒரு நாளில் நாலு மாத்திரைக்கு மேல் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து விநாடி நிறுத்துங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். தொடைத் தசை வலுத்தால் முட்டியின் பாரம் குறையும். பேண்டப்ரசோலைத் திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து நெஞ்செரியும். எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை எண்டோஸ்கோபி செய்யும் மருத்துவரிடம் கேளுங்கள். ஹெலிகோபேக்டர் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால் முன்கூட்டியே கேட்பது நல்லது.

கொலோனோஸ்கோபி முடிந்த பிறகு நார்ச்சத்து. ஒரு நாளைக்கு 30 கிராம் இலக்கு. பயறு, கொள்ளு, கீரை, ஒரு கொய்யா, ஒரு வேளை சிறுதானியம் என்று இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் கூட்டினால் உப்புசம் இரட்டிப்பாகும். பிறகு 'நார்ச்சத்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று விட்டுவிடுவீர்கள். இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு வெறும் வயிற்றில் போடுங்கள். டீக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். ஷிப்டில் அடிக்கடி குடிக்கும் டீ அந்த இரும்பைக் கட்டிப்போடும். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 அல்லது 2 ஏற வேண்டும். அளவு சரியான பிறகும் மூன்று மாதம் தொடருங்கள்.

இரும்பு சாப்பிடும்போது மலம் கரும்பச்சையாக, உருவத்தோடு போகும்; அதற்குப் பயம் வேண்டாம். தார் மாதிரி பளபளத்து, ஒட்டிக்கொண்டு, கடும் நாற்றத்தோடு போனாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ, காபித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ கொலோனோஸ்கோபி தேதிக்காகக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட்டு அந்த நேரமே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.