சோலார் ஹீட்டரா, கீசரா? பூச்சு வேலைக்கு முன்பே முடிவெடுங்கள்

கேள்வி: கோவையில் வீடு கட்டுகிறோம். பூச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை. நான்கு பேர், இரண்டு குளியலறை, போர் தண்ணீர். பக்கத்து வீட்டில் வாங்கிய சோலார் வாட்டர் ஹீட்டர் உப்பு அடைத்துச் சும்மா கிடக்கிறது. நாங்கள் வைக்கலாமா?

பதில்: சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கட்டி முடித்த வீட்டில் டைல்ஸை உடைத்து வெந்நீர் லைன் இழுக்க வேண்டும் என்றதுமே பலர் கீசருக்குப் போய்விடுவார்கள். பெங்களூரு மொட்டைமாடிகளில் இவ்வளவு ஹீட்டர்கள் தெரிவதற்குக் குளிர் மட்டும் காரணமல்ல. புது வீட்டுக்கு மின் இணைப்பு வாங்கும்போதே அதைக் கட்டாயமாக்கிய விதியும்தான்.

முதலில் உங்கள் செலவைப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குச் சூடாக்க மூன்றரை யூனிட் ஆகும். நால்வரும் ஷவரில் குளித்து தினமும் அந்த 100 லிட்டர் செலவானால், சோலாரால் இரண்டு மாத பில்லில் 200 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஆளுக்கு ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர் போதுமென்றால் தினமும் ஒன்றரை யூனிட்தான்; அந்த வீட்டுக்குக் கீசரே போதும். மானியத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் மானியம் மின்சாரம் தயாரிக்கும் பேனலுக்கு மட்டுமே.

அடுத்தது குழாய். முக்கால் இஞ்ச் சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டர் நிற்கும். ஹீட்டரிலிருந்து கீழ்க் குளியலறைக்கு 20 மீட்டர் என்றால், காலையில் ஆறிப்போன ஐந்து லிட்டர் வடிந்த பிறகே சூடு வரும். ஆகவே குளியலறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அதற்கு நேர் மேலே ஹீட்டரை வையுங்கள். சாதாரண பிவிசி வெந்நீருக்கு இளகிவிடும். பச்சைத்தண்ணீர் லைனில் மட்டும் பிரஷர் பம்ப் போடுவது பெரிய தப்பு: வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலக்கும் மிக்சர் குழாய் வழியாக அந்தத் தண்ணீர் வெந்நீர் லைனுக்குள் ஏறி, டேங்க்கையே ஆற வைத்துவிடும்.

போர் தண்ணீருக்குக் கண்ணாடிக் குழாய் வகை நல்லது. உப்பு குழாயின் அடியில் தங்கும், கழற்றிக் கழுவலாம். தகடு வகையில் மெல்லிய செம்புக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். அதுதான் வேண்டுமென்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (போர் தண்ணீர் செம்புக் குழாய்க்குள் போகாமல் சூட்டை மட்டும் கடத்தும் அமைப்பு) உள்ளதாக வாங்குங்கள். டேங்க் அரிக்காமல் காக்க அதனுள் உள்ள மெக்னீசியம் கம்பியை ஆண்டுக்கொருமுறை பார்த்து, கரைந்திருந்தால் மாற்றுங்கள்.

ஷவர் என்றால் 200 லிட்டர் ஹீட்டர் வாங்குங்கள்; அதில் 58 மி.மீ. கண்ணாடிக் குழாய் 20 வரும். தெற்கு பார்த்து, காலை 9 முதல் மாலை 4 வரை நிழல் விழாத இடமாக வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் அடிப்பாகம் ஹீட்டர் டேங்க்கின் தலைக்கு மேலே இருக்கட்டும். ஹீட்டர் டேங்க்கில் காற்று போய்வரும் ஏர் வென்ட் குழாய், தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயர வேண்டும். அதை அடைத்தால் தண்ணீர் இறங்கும்போது டேங்க் உள்ளே ஒடுங்கிவிடும். வெறும் குழாய்கள் வெயிலில் காய்ந்திருக்க, நடுப்பகலில் தண்ணீர் திறக்காதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். விடியற்காலையில் நிரப்புங்கள்.

மழைக்காலத்துக்கு டேங்க்கில் மின்சாரத்தில் சூடாக்கும் காயில் வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஒருவர் குளிக்க 200 லிட்டரைச் சூடாக்க வேண்டியிருக்கும். குளியலறையில் சிறிய கீசருக்கு ஒரு பாயிண்ட் விட்டு வையுங்கள்.