பல ஆண்டுகள் கடவுளை விட்டு விலகியிருந்தவர் மீண்டும் விசுவாசத்தில் புதுப்பிக்கப்படுவது எப்படி?

செபிக்க அமர்ந்தால் எந்த உணர்வும் வருவதில்லை என்றும், இந்நிலையில் கோவிலுக்குப் போவது வெளிவேடம் ஆகிவிடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆகாது என்பதே என் பதில். உணர்வு வந்த பிறகு போகலாம் என்று காத்திருந்தே நான் ஒன்பது ஆண்டுகளை இழந்தவன்.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கன். கடவுள் இல்லை என்று ஒருநாளும் முடிவு செய்ததில்லை. கணக்கியல் வகுப்புகள் ஞாயிறு காலையில் நடந்ததால் முதலில் பூசை தவறியது. பிறகு வேலைக் களைப்பு. பிறகு யாரிடமும் சொல்ல முடியாத ஒரு பாவமும் சேர்ந்துகொண்டதும், எந்த முகத்தோடு போவது என்ற வெட்கம் வந்துவிட்டது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தபோது நான் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு கோவில்களில் பூசை இல்லாததால், தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பூசையை அம்மா முழந்தாளிட்டுக் கண்டார்; நான் கதவோரம் நின்றேன். அவரருகில் போய் முழந்தாளிட எனக்குக் கால் எழவில்லை. பெருந்துயரம் மனிதனைத் தானாகவே கடவுளிடம் கொண்டுசேர்க்கும் என்பார்கள். என்னைச் சேர்க்கவில்லை.

2022 தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, முழங்கால் வலியால் தனியே போக முடியாத அம்மாவைக் கொச்சிக்கடைக்கு ஓட்டோவில் அழைத்துச் சென்றேன். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே எத்தகைய கூட்டம் இருக்கும் என்பது கொழும்பில் இருப்பவர்களுக்குத் தெரியும். நெற்றியில் திருநீறு அணிந்தவர்களும் சிங்கள பௌத்தர்களும் கத்தோலிக்கரோடு ஒரே வரிசையில் மெழுகுதிரியோடு நிற்பார்கள். அம்மா, சுவாமியிடம் (குருவிடம்) பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றார். அவரைத் தாங்கிப் பிடித்திருந்ததால் நானும் நின்றேன். அவர் முடித்து எழுந்ததும் அடுத்த ஆள் நான்தான். விலகிப் போயிருக்கலாம், போகவில்லை.

"சுவாமி, நான் பாவசங்கீர்த்தனம் செய்து ஒன்பது வருடம் ஆகிறது" என்றேன். அந்த ஒரு வசனத்தைச் சொல்வதுதான் மிகக் கடினமாக இருந்தது. மற்றவை அதன் பின்னால் தாமாகவே வந்தன. நீங்களும் அதையே முதலில் சொல்லிவிடுங்கள். பாவங்களுக்காக மனம் வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரம் பாதியில் மறந்துபோயிற்று. சுவாமி கோபிக்கவில்லை, முதல் நற்கருணைக்கு ஆயத்தமாகும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் ஒவ்வொரு சொற்றொடராக அவர் சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன். பரிகாரமாக, யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தை ஒரு வாரம் தினமும் வாசிக்கச் சொன்னார்.

மூன்று நாட்கள் வெறும் எழுத்தாகவே வாசித்தேன். நான்காம் நாள் கரையில் எரிந்துகொண்டிருந்த கரிநெருப்பு கண்ணில் பட்டது. இரவு முழுவதும் வலை வீசியும் ஒன்றும் கிடைக்காமல் திரும்பும் சீடர்களுக்காக, இயேசு கரிநெருப்பில் மீனும் அப்பமும் வைத்துக் காத்திருக்கிறார். அந்தச் சீடர்களில் ஒருவரான பேதுரு முன்பு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் அருகில் குளிர்காய்ந்துகொண்டிருந்த போதுதான். அது 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது என்று பின்னர் சுவாமி எனக்கு விளக்கினார். பேதுரு எங்கே விழுந்தாரோ, அதே புகை மணக்கும் இடத்துக்கு அவரைக் கூப்பிட்டு, முதலில் உண்ணக் கொடுத்து, அதன் பிறகே "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று முறை கேட்கிறார். ஏன் மறுதலித்தாய் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. நான் ஒன்பது ஆண்டுகளாக அஞ்சியிருந்தது அந்தக் கேள்விக்குத்தான்.

நாம் திரும்புவதற்கு முன்பே அவர் நம்மைத் தேடத் தொடங்கிவிடுகிறார் என்பதை நம் நாட்டு வரலாற்றிலும் பார்க்கலாம். 1658இல் யாழ்ப்பாணம், கத்தோலிக்கத்தைத் தடைசெய்த ஒல்லாந்தர் கைக்குப் போன பின், ஏறத்தாழ 30 ஆண்டுகள் அங்கிருந்த கத்தோலிக்கர் குருக்கள் இன்றி இருந்தார்கள். 1687இல் மறைவாக வந்திறங்கிய கோவாவைச் சேர்ந்த குருவான புனித யோசேப் வாஸ், செபமாலையைக் கழுத்தில் அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டு, அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தே விசுவாசிகளைக் கண்டுபிடித்தார் என்பர். எனக்கோ கொட்டாஞ்சேனை லூசியாள் பேராலயத்து மணி வீட்டுக்கே கேட்கும்.

பாவசங்கீர்த்தனம் முடிந்ததும் எல்லாம் இனித்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பல மாதங்கள் வறட்சியாகவே இருந்தன. மாலையில் அம்மாவோடு செபமாலை சொல்வேன், ஞாயிறு பூசைக்குப் போவேன். உள்ளே ஒன்றும் அசையாது. அதைச் சொன்னபோது சுவாமி, "பேதுருவுக்கும் இயேசு வேலை கொடுத்துத்தான் அனுப்பினார்" என்று கூறி, எங்கள் பங்குக் கோவிலில் ஏழைக் குடும்பங்களைச் சந்திக்கும் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டு அது. அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் (நெருக்கமான ஏழைக் குடியிருப்பில்), பலகை அடித்த ஒற்றை அறையில் தனியே வாழ்ந்த ஒரு பாட்டியிடம் அரிசியும் பருப்பும் அடங்கிய பொதியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். "மகன், ஒரு செபம் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

வேறொன்றும் வாயில் வராததால் பரலோக மந்திரத்தைத் தொடங்கினேன். "எங்கள் அனுதின உணவை" என்ற இடத்துக்கு வந்ததும், கண்களை மூடியிருந்த அவர் கையை நீட்டி, அரிசிப் பொதியைத் தடவிப் பார்த்தார். என் குரல் அத்தோடு நின்றுபோயிற்று. மீதியை அவரே சொல்லி முடித்தார். "ஆமென்" மட்டும் நான் சொன்னேன்.