கஞ்சாவைச் சட்டம் அனுமதித்தால் யாருக்கு லாபம்? பினாங்கு வழக்கறிஞரின் பதில்கள்

ஜார்ஜ்டவுனில் குற்றவியல் வழக்குகளை நடத்துகிறேன். அவற்றில் பெரும்பகுதி போதைப்பொருள் வழக்குகள். தாய்லாந்து 2022-இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்ததிலிருந்து கல்யாண வீட்டுப் பந்தியில்கூட என்னைப் பிடித்து வைத்துக் கேட்கிறார்கள். அதனால் எழுத்தில் கேளுங்கள் என்றேன். பலர் கேட்டதில் திரும்பத் திரும்ப வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

செந்தூலிலிருந்து ஒருவர்: ஹாட்யாயில் கடையிலேயே விற்கிறார்களே அக்கா. அங்கே புகைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் என்ன குற்றம்?

முதலில், நீங்கள் கேள்விப்பட்டது பழைய செய்தி. 2025 ஜூன் கடைசியில் தாய்லாந்துச் சுகாதார அமைச்சு விதியை மாற்றிவிட்டது. கஞ்சாப் பூவை வாங்க மருத்துவரின் சீட்டு வேண்டும். பலகை தொங்குகிறது என்பதற்காக உள்ளே போவது அந்த நாட்டிலேயே இப்போது சரியில்லை.

இரண்டாவது, உங்கள் கை வெறுமையாக இருக்கலாம், சிறுநீர் அப்படி இருக்காது. அடிக்கடி பயன்படுத்துகிறவரின் உடலில் கஞ்சாவின் எச்சம் வாரக்கணக்கில் தங்கும். நம் மலேசியாவின் 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, உட்கொண்டதற்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை என்கிறது. அதன்பிறகு கண்காணிப்பும் உண்டு. "நான் அந்தப் பக்கம்தானே புகைத்தேன்" என்று வாதாட இடமிருக்கிறதா என்று கேட்பீர்கள். வாதாடலாம். ஆனால் அந்த வாதத்தை நான் எடுத்துவைக்கும் நாளுக்கு முன் நீங்கள் காவலில் இருந்திருப்பீர்கள், உங்கள் முதலாளிக்கும் செய்தி போயிருக்கும்.

சுங்கை பட்டாணியிலிருந்து: மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. செம்பனையில் ஒன்றும் நிற்பதில்லை. இங்கேயும் அனுமதி வந்தால் விவசாயிக்கு விடிவு வராதா?

இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்தேன் ஐயா, நீளமாகப் பதில் சொல்கிறேன்.

சட்டவிரோதப் பொருளின் விலையில் பெரும்பகுதி, பிடிபடும் ஆபத்துக்கான கூலி. செடி வளர்ப்பது அவ்வளவு செலவான காரியமில்லை. சட்டம் அனுமதித்த மறுநாளே அந்த ஆபத்துக் கூலி மறைந்துவிடுகிறது. மீதமிருப்பது ஒரு சாதாரண விளைபொருளின் விலை. அதற்குள் எல்லோரும் நட்டிருப்பார்கள்.

தாய்லாந்தில் நடந்ததும் இதுதான். அப்போதைய சுகாதார அமைச்சர் அனுதின், வீடுகளுக்குப் பத்து லட்சம் கன்றுகள் இலவசம் என்று அறிவித்தார். கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. விற்பனையை ஒழுங்குபடுத்தும் முழுமையான சட்டம் மட்டும் நிறைவேறவில்லை. அந்த இடைவெளியில் அமெரிக்காவிலிருந்து கடத்திவந்த பூ பாங்காக் கடைகளில் குவிந்து உள்ளூர் விலையை உடைத்தது. கடன் வாங்கிக் கூடாரம் போட்டவர் தவித்தார். இப்போது, தரச்சான்று பெற்ற பண்ணையின் விளைச்சலைத்தான் கடைகள் வாங்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அந்தச் சான்றை வாங்கப் பணமும் தாள் வேலையும் யாரிடம் இருக்கும்? மூன்று ஏக்கர்க்காரரிடமா?

கலிபோர்னியாவின் கதை இன்னும் கசப்பு. ஹம்போல்ட், மெண்டோசினோ, டிரினிட்டி மாவட்டங்களில் தலைமுறையாகக் காட்டுக்குள் ஒளிந்து பயிரிட்டவர்கள் இருந்தார்கள். 2016-இல் மக்கள் வாக்களித்து அனுமதித்தபோது, பெரும் பண்ணைகளுக்கு 2023 வரை உரிமம் கிடையாது, சிறியவர்கள் முதலில் காலூன்றட்டும் என்று சொல்லப்பட்டது. ஆனால் 2017 கடைசியில் வந்த விதிமுறையில், ஒரே நிறுவனம் சிறிய உரிமங்களை எத்தனை வேண்டுமானாலும் வாங்கி அடுக்கலாம் என்று ஒரு கதவு திறந்தே இருந்தது. பணமுள்ளவன் அந்த வழியாக உள்ளே வந்தான். 2021, 2022-இல் விலை சரிந்தபோது மலைப்பகுதிச் சிறு விவசாயிகள்தான் முதலில் கடையைக் கட்டினார்கள்.

அதற்காகப் பெரியவன் பிழைத்தான் என்றும் நினைக்க வேண்டாம். கனடாவில் கேனப்பி குரோத் என்ற பெரும் நிறுவனம், ஸ்மித்ஸ் ஃபால்ஸ் ஊரில் பழைய ஹெர்ஷி சாக்லேட் ஆலையை வாங்கிக் கஞ்சா ஆலையாக்கியது. 2023-இல் அதையும் மூடுவதாக அறிவித்துவிட்டது.

இதெல்லாம் இங்கே வெறும் கற்பனை என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் சட்டத்தின் 6பி பிரிவின்படி கஞ்சா பயிரிடுவதற்கு ஆயுள் தண்டனையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. பால்கனித் தொட்டியில் ஒரு செடி என்றாலும் அதே பிரிவுதான்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு மாணவி: சட்டபூர்வமாக்கினால் கள்ளச்சந்தை ஒழிந்துவிடும் என்பதுதானே முக்கிய வாதம்? ஒழிந்ததா, இல்லையா?

ஓரிடத்தில் சுருங்கியது, ஓரிடத்தில் கொழுத்தது. வரியும் கடை இருக்கும் தூரமும்தான் அதைத் தீர்மானித்தன.

கனடா 2018 அக்டோபர் 17 முதல் அனுமதித்தது. முதல் ஆண்டில் கடைகள் குறைவு, விலை அதிகம், சரக்கும் காய்ந்து கிடந்தது. வாடிக்கையாளர் பழைய ஆளிடமே போனார். பிறகு கடைகள் பெருகின, விலை இறங்கியது, சில ஆண்டுகளில் சட்டச் சந்தை முந்திக்கொண்டது. ஆனால் அந்த வெற்றியின் செலவை ஏற்றவர்கள் உற்பத்தியாளர்கள். கிராமுக்கு 1 டாலர் அல்லது விலையில் 10 விழுக்காடு, எது அதிகமோ அது கலால் வரி. கிராம் 10 டாலருக்கு விற்கும் என்று எண்ணிப் போட்ட கணக்கு அது. விலை சரிந்தும் அந்த 1 டாலர் அசையவில்லை. அரசுக்கு வரி பாக்கி வைத்தே பல நிறுவனங்கள் திவாலாயின.

கலிபோர்னியா எதிர்த்திசையில் போனது. மாநிலம் அனுமதித்தாலும், பாதிக்கு மேற்பட்ட நகரங்களும் மாவட்டங்களும் தங்கள் எல்லைக்குள் கடை கூடாது என்றுவிட்டன. சட்டக் கடைக்கு ஒரு மணி நேரம் கார் ஓட்டி, வரிக்கு மேல் வரி கட்டி வாங்குவதைவிட, வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுப்பவனிடம் வாங்குவது எளிது. பயிருக்கான வரியை 2022 ஜூலையில் நீக்கிப் பார்த்தார்கள். அதற்குள் கள்ளச்சந்தை நன்றாகவே வேர்விட்டிருந்தது.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. 2018-இல் மருத்துவத்துக்கு மட்டும் என்று அனுமதித்து, 2,500 டாலருக்கு உரிமம், எண்ணிக்கைக்கு வரம்பில்லை என்றார்கள். ஆயிரக்கணக்கான பண்ணைகள் வந்தன. அந்த மாநில நோயாளிகள் ஒருநாளும் தீர்க்க முடியாத அளவுக்கு விளைந்தது. மிச்சம் எங்கே போயிருக்கும்? தடையுள்ள கிழக்கு மாநிலங்களுக்கு, இரவு லாரியில். ஓரிடத்துச் சட்டப் பயிர் பக்கத்து இடத்தின் கள்ளச்சரக்காகிறது. எல்லையோரம் இருக்கும் நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

அதே மாணவி: நெதர்லாந்தில் எல்லாம் சரியாக நடக்கிறதே?

அங்கே முன்வாசலில் விற்பதைக் கண்டுகொள்வதில்லை, பின்வாசலில் சரக்கு வருவது குற்றம். 1976-இலிருந்து இந்த விசித்திரம் நடக்கிறது. பின்வாசல் பெரும்பாலும் குற்றக் கும்பல்களின் கையில். உரிமம் பெற்றவர்களே பயிரிட்டுக் கொடுக்கும் சோதனையை 2023 டிசம்பரில்தான் பிரெடா, டில்பர்க் நகரங்களில் தொடங்கினார்கள்.

புக்கிட் மெர்தாஜமிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு வலிப்பு. கஞ்சா எண்ணெய் கொடுத்தால் நிற்கும் என்று ஒருவர் ஒரு குப்பி 300 வெள்ளிக்குத் தருகிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள் அம்மா. உங்கள் தவிப்பு புரிகிறது. சில வகைக் கடும் குழந்தை வலிப்புகளுக்கு, கஞ்சாச் செடியில் இருக்கும் கன்னாபிடியால் என்ற பொருள் பலன் தருகிறது என்பது உண்மைதான். அமெரிக்காவில் 2018-இலேயே அப்படி ஒரு மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அது அளவு குறித்துத் தயாரித்த மருந்து, கல்லீரலைக் கவனித்துக்கொண்டே கொடுப்பார்கள். உங்களிடம் வருகிற குப்பியில் எது எவ்வளவு இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

2021 நவம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் நாடாளுமன்றத்தில் சொன்னது, மருந்துக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவான கஞ்சா மருந்தை மருத்துவர் தரலாம் என்பது. அந்தப் பதிவு இல்லாத குப்பி, சட்டத்தின் பார்வையில் கஞ்சாதான். 2018-இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம், நோயாளிகளுக்குக் கஞ்சா எண்ணெய் கொடுத்த 29 வயது இளைஞருக்கு மரண தண்டனை விதித்து, நாடே அதிர்ந்தது நினைவிருக்கும். குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் இந்த மருந்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். கேட்பது குற்றமில்லை.

ஆயர் ஈத்தாமிலிருந்து: மதுவைவிட இது பாதுகாப்பு என்கிறார்களே?

மதுவோடு ஒப்பிட்டால் எதுதான் பாதுகாப்பாகத் தெரியாது? மனச்சிதைவு குடும்பத்தில் இருந்தால் பக்கமே போகாதீர்கள். கனடாவில் கஞ்சா மிட்டாய்கள் விற்பனைக்கு வந்தபிறகு, அவற்றைத் தின்றுவிட்டு அவசரப் பிரிவுக்கு வந்த சிறு பிள்ளைகள் கூடினார்கள். அதே நேரம், 2019, 2020-இல் அமெரிக்காவில் நுரையீரல் பாதித்து 68 பேர் இறந்ததற்குப் பெரும்பாலும் காரணம், கள்ளச்சந்தை வேப் குப்பிகளில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட். அனுமதியிலும் ஆபத்து உண்டு, தடையிலும் உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

பட்டர்வொர்த்: கெத்தும் இலையும் இந்தக் கணக்கில் வருமா?

வராது, போதை தரும் அந்த மர இலை 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தில் வருகிறது. 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 4 ஆண்டு வரை சிறை.

பெயர் வேண்டாம் என்றவர்: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் கஞ்சாவுக்கு ஆதரவா?

பயன்படுத்துகிறவனைச் சிறைக்கு அனுப்புவதற்கு எதிரானவள். 2019-இல் சுகாதார அமைச்சர் சுல்கிஃப்ளி அகமது, சொந்தப் பயன்பாட்டைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்க அரசு எண்ணுகிறது என்றார். அது நடந்திருந்தால் என் அலுவலகத்துக்கு வரும் பாதித் தாய்மார்கள் வந்திருக்க மாட்டார்கள். கடை போட்டு விற்பது வேறு விஷயம். தாய்லாந்து மாதிரி கதவை முதலில் திறந்துவிட்டுப் பூட்டைப் பிறகு தேடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பிறையிலிருந்து ஒரு தம்பி, வயது 22: பாங்காக்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பெட்டி கொண்டுபோனால் டிக்கெட்டும் கையில் 8,000 வெள்ளியும் தருகிறார்களாம். தாய்லாந்தில் கஞ்சா சட்டபூர்வம், வழியில் பிடித்தாலும் பறிமுதல் மட்டும்தான் என்கிறார்கள்.

தம்பி, தாய்லாந்தில் மிஞ்சிய சரக்குக்குப் பிரிட்டனில் நல்ல விலை, அதைச் சுமக்க ஆள் தேவை. உன்னிடம் வந்தது அந்த வேலை. பிரிட்டனில் கஞ்சா கடத்தலுக்கு 14 ஆண்டு வரை சிறை. வழியில் நம் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால், 200 கிராம் தாண்டினாலே நீ கடத்தல்காரன் என்று சட்டம் ஊகிக்கும், இல்லை என்று நிரூபிப்பது உன் பொறுப்பு. 2023 ஜூலையிலிருந்து மரண தண்டனை கட்டாயமில்லை, ஆனால் நீக்கப்படவும் இல்லை. சிங்கப்பூர் வழியாகப் போனால் 500 கிராம் தாண்டினாலே தூக்குக்குப் போதும். 2023 ஏப்ரலில் ஏறத்தாழ ஒரு கிலோ கஞ்சா வழக்கில் அங்கே தூக்கிலிடப்பட்டவரும் ஒரு தமிழர்தான்.

"உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது" என்று சொல்லச் சொல்லியிருப்பார்கள். ஒரு ஊகத்தின்மேல் இன்னொரு ஊகத்தை அடுக்க அனுமதித்த 37ஏ பிரிவை 2019-இல் கூட்டரசு நீதிமன்றம் ரத்து செய்தபின் அந்த வாதத்துக்குக் கொஞ்சம் உயிர் வந்தது உண்மை. ஆனால் நீ இந்தக் கேள்வியை எனக்கு எழுதிவிட்டாய். உனக்குத் தெரியும். பணம் ஏதாவது முன்கூட்டி வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்கவும் நேரில் போகாதே. கடப்பிதழ் அவர்களிடம் இருந்தால், தனியாகக் காவல் நிலையத்துக்குப் போகாமல் முதலில் ஒரு வழக்கறிஞரை அழை. கட்டணத்துக்குப் பயந்தால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கிலேயே இருக்கிறது.