அத்தையின் மாத்திரை அப்பாவுக்கு உதவுமா?

கேள்வி: அப்பாவுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய். மார்பகப் புற்றுநோய்க்கு அத்தை சாப்பிடும் ஹார்மோன் மாத்திரை இவருக்கும் பலன் தருமா டாக்டர்?

பதில்: தராதம்மா. மார்பகக் கட்டிகளில் பல ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கொண்டு வளர்பவை. அதைத் தடுத்தால் அடங்கும். உணவுக்குழாய்க்கு அந்தச் சிகிச்சை வழக்கத்தில் இல்லை. கட்டி மேல்படலத்தோடு நின்றிருந்தால் எண்டோஸ்கோப்பி வழியாகவே அகற்றலாம். ஆழமாகப் போயிருந்தால் பெரும்பாலும் 5 வாரம் போலக் கீமோவும் கதிர்வீச்சும், அப்புறம் அறுவை சிகிச்சை. நோயுள்ள உணவுக்குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய்போலாக்கி மேலே இழுத்துத் தைப்போம். பரவியிருந்தால் கீமோ, இம்யூனோதெரபி (உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து). பயாப்ஸியில் (கட்டியின் சதைப் பரிசோதனையில்) ‘ஹெர்2 பாசிட்டிவ்’, அதாவது ஹெர்2 என்ற புரதம் கட்டியில் அதிகம் என்றிருந்தால் தனி மருந்து உண்டு. அது ஹார்மோன் மருந்தல்ல, பலர் குழம்புகிறார்கள்.

சரி, தண்ணீர் இறங்குகிறதா அவருக்கு? இல்லையென்றால் நாளைக்கே சொல்லுங்கள், வழியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைக்கலாம். பட்டினியோடு கீமோவுக்கு அனுப்பாதீர்கள்.