அரசர் வருவதற்கு முன்பே நிறைவடைந்த செயல்

கேள்வி: என் எட்டு வயது மகளுக்கு நானே கதைகள் எழுதிப் படித்துக் காட்டுவது வழக்கம். அண்மையில் எழுதிய ஒரு கதையில், வெள்ளம் பெருகிய ஆற்றில் ஓடக்காரரின் மகள் தனியாக ஓடத்தைச் செலுத்திச் சென்று, மரக்கிளையில் சிக்கிக்கொண்ட ஒரு குடும்பத்தைக் கரை சேர்க்கிறாள். மறுநாள் அரசர் யானைமீது வந்து அவளுக்கு முத்துமாலையும் பொற்காசுகளும் பரிசளிக்கிறார். படித்து முடித்ததும் என் மகள், "ராஜா வரலைன்னா அந்த அக்கா செஞ்சது யாருக்குமே தெரியாமப் போயிருக்குமாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அரசரை எடுத்துவிட்டால் கதை சப்பென்று முடிகிறது. வைத்துக்கொண்டால் பரிசுக்காகவே அவள் செய்ததுபோல் ஆகிவிடுகிறது. இத்தகைய கதையைக் கேட்ட குழந்தை நாளை தானும் வெள்ளத்தில் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சமும் உள்ளூர இருக்கிறது. தாங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.
— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, சிறுவர் கதைகளைப் பல ஆண்டுகளாகப் படித்தும் திருத்தியும் வருகிற நான், உங்கள் மகள் கேட்டதைவிடக் கூர்மையான விமர்சனத்தை அதிகம் கண்டதில்லை. கதையில் எந்த இடம் பலவீனமானதோ அந்த இடத்திலேயே அவள் விரலை வைத்திருக்கிறாள். ஓடக்காரர் மகளின் செயல் அவள் கரையேறிய அந்த நொடியிலேயே முழுமை பெற்றுவிட்டது. நீங்களோ அதை முழுமையாக்க அரசரின் முத்திரை வேண்டும் என்று நினைத்து, அவரை யானைமீது ஏற்றி அனுப்பியிருக்கிறீர்கள். அரசரைக் கதையிலிருந்து நீக்க வேண்டியதில்லை. பரிசு வழங்கும் வேலையிலிருந்து விடுவித்து, வேறொரு வேலையைக் கொடுத்தால் போதும்.

உங்கள் கதைக்கு மிக நெருக்கமான ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு. இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில், ஃபார்ன் தீவுகளில் உள்ள லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கத்தின் காவலருடைய மகள் கிரேஸ் டார்லிங். 1838 செப்டம்பர் 7 அன்று விடியற்காலையில், ஃபார்ஃபர்ஷயர் என்ற நீராவிக் கப்பல் புயலில் பாறைமீது மோதி உடைந்து கிடப்பதைத் தன் அறைச் சன்னல் வழியாக அவர் கண்டார். அப்போது அவருக்கு வயது 22. தம்பி கரைக்குப் போயிருந்ததால் வீட்டில் இருந்தவர்கள் அவரும் பெற்றோரும் மட்டுமே. தந்தையும் மகளும் சுமார் 21 அடி நீளமுள்ள துடுப்புப் படகில் புறப்பட்டனர். நேராகச் செல்லாமல், காற்றையும் அலையையும் தீவுகள் ஓரளவு மறிக்கும் பக்கமாகச் சுற்றிக்கொண்டு, ஏறத்தாழ ஒரு மைல் தூரம் துடுப்பு வலித்தனர். தந்தை பாறையில் குதித்து இறங்கியபோது, படகு பாறையில் மோதிச் சிதறிவிடாமல் இரு துடுப்புகளையும் தனியாகப் பிடித்து முன்னும் பின்னும் செலுத்திக்கொண்டிருந்தவர் கிரேஸ்தான். எல்லாரையும் ஒரே தடவையில் ஏற்றிவர முடியாததால் படகு இரண்டு முறை சென்று ஒன்பது பேரை மீட்டது.

இந்த நிகழ்ச்சியைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதன் பிறகு நடந்ததுதான் முக்கியமாகத் தோன்றுகிறது. முதல் தடவை மீட்கப்பட்டவர்களுடன் கலங்கரை விளக்கத்துக்குத் திரும்பிய கிரேஸ், இரண்டாம் முறை படகில் போகவில்லை. தந்தையுடன் சென்றவர்கள் மீட்கப்பட்ட மாலுமிகளே. கிரேஸ் தாயுடன் சேர்ந்து, குளிரில் விறைத்துப்போனவர்களுக்கு உலர்ந்த துணியும் சூடான உணவும் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். அவர்களுள் ஒருத்தி, தன் இரண்டு குழந்தைகளைப் பாறைமீதே பறிகொடுத்த தாய். கடல் அடங்காததால் அத்தனை பேரும் அந்தச் சிறிய இடத்தில் சில நாள்கள் தங்க நேர்ந்தது. அலைக்கு நடுவே துடுப்பு வலித்ததை ஓவியர்கள் வரைந்தார்கள். அந்தத் தாயைப் பார்த்துக்கொண்ட இரவுகளை யாரும் வரைந்ததாக நான் பார்த்ததில்லை. அன்றாட வீரம் என்று நாம் சொல்வதன் பெரும்பகுதி அந்த இரவுகளில்தான் இருக்கிறது. உங்கள் கதையிலும் மீட்கப்பட்ட குடும்பம் அன்றிரவு எங்கே தூங்கியது, அவர்களுக்கு யார் அடுப்பு மூட்டினார்கள் என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

இந்த நிகழ்ச்சியில் ஓர் அரசியும் உண்டு. முந்தைய ஆண்டுதான் அரியணை ஏறியிருந்த விக்டோரியாவுக்கு அப்போது வயது 19, கிரேஸைவிட இளையவர். அவர் 50 பவுண்டு அனுப்பிவைத்தார். நாடெங்கும் புகழ் பரவியது. ஓவியர்கள் படகேறி வந்து கிரேஸை உட்காரவைத்து வரைந்தார்கள். நினைவுக்காக அவருடைய தலைமுடியில் ஓர் இழையாவது அனுப்பும்படி முன்பின் அறியாதவர்கள் கடிதம் எழுதினார்கள். கிரேஸ் தொடர்ந்து அந்தக் கலங்கரை விளக்கத்திலேயே வாழ்ந்து, 1842இல் காசநோயால் 26 வயதில் இறந்தார். அரசியின் பணம் வருவதற்கு முன்பே அந்த ஒன்பது பேரும் உயிரோடு வீடு திரும்பியிருந்தார்கள் என்பதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். அவளுடைய கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் அச்சத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. துணிச்சலை மட்டும் காட்டும் கதை ஆபத்தானதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் டார்லிங் குடும்பத்தார் கண்ணை மூடிக்கொண்டு கடலில் இறங்கவில்லை. அந்தப் பாறைகளுக்கிடையில் வாழ்ந்தவர்களாதலால், எந்தப் பக்கம் சுற்றிப் போக வேண்டும் என்பதும், திரும்பும்போது துடுப்பு வலிக்க மீட்கப்பட்டவர்களின் கைகளும் தேவைப்படும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே உங்கள் ஓடக்காரர் மகளுக்கு ஆற்றைத் தெரிந்திருக்கட்டும். சுழி எங்கே, ஆழம் எங்கே, எந்த இடத்தில் கயிறு கட்டினால் தாங்கும் என்பதை அவள் தந்தையிடம் கற்றுக்கொண்ட காட்சி முதலில் வரட்டும். அவளைத் தனியாக அனுப்பவும் தேவையில்லை. கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர் நிற்கலாம். நீந்தத் தெரியாத ஒரு சிறுவன் ஓடிப்போய்ப் பெரியவர்களை அழைத்து வருவதும் அதே கதையில் வீரமாகவே இடம்பெறட்டும். அவனைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் குரல் தாழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அரசருக்கு வருவோம். எளிய மனிதர் ஒருவர் அரசரை எதிர்கொள்ளும் காட்சிகளுள் என் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது புறநானூற்றின் 50ஆம் பாடல். களைத்து வந்த புலவர் மோசிகீரனார், அரண்மனையில் மெல்லிய பூக்கள் பரப்பிய கட்டில் ஒன்று வெறுமையாக இருப்பதைக் கண்டு, அதில் ஏறிப் படுத்து உறங்கிவிட்டார். அது அரசனின் வீரமுரசை வைக்கும் முரசு கட்டில். முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்தார்கள். அதில் ஏறுவது வாளால் வெட்டப்படுவதற்குரிய குற்றம். அங்கு வந்த சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வாளை ஓங்காமல், முழவு போன்ற தன் தோளை வீசி, உறங்குகிறவருக்குக் குளிரக் குளிர விசிறினான். அந்தப் பாடலில் பொன்னும் இல்லை, பொருளும் இல்லை. காற்று மட்டும்தான் இருக்கிறது. வியர்த்து உறங்கும் ஒருவருக்கு விசிறிவிடுவது எந்த வீட்டிலும் எந்தத் தாயும் செய்கிற காரியம். அதை ஓர் அரசன் செய்தான் என்பதால்தான் இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பிறகும் நாம் அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் அரசர் இப்படிப்பட்டவர் என்றே நினைக்கிறேன்: கொடுக்கிறவராக மேலே நிற்காமல், கையால் ஒரு வேலை செய்கிறவர்.

தவறு செய்யும் அரசரும் குழந்தைகளுக்கு வேண்டும். போரில் தோற்று ஒளிந்திருந்த பழைய இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் மன்னர், அடுப்பிலிருந்த ரொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன மாடு மேய்ப்பவரின் மனைவியிடம், அதைக் கருகவிட்டு வசவு வாங்கினார் என்ற கதையைக் கேட்டுச் சிரிக்காத பிள்ளை இருக்காது. அது செவிவழிக் கதைதான் என்றாலும், வசவு வாங்கிய அரசர் குழந்தைக்கு நெருக்கமானவராகிவிடுகிறார். "தேரா மன்னா" என்று தொடங்கிப் பாண்டியன் அவையில் கண்ணகி பேசியது எட்டு வயதுக்குச் சற்றுக் கனமானது. இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் போகட்டும்.

உங்கள் கதையை நான் திருத்துவதாக இருந்தால், யானையையும் முத்துமாலையையும் எடுத்துவிட்டு, அரசரை வெள்ளத்தின் நடுவிலேயே கொண்டுவந்து சேர்ப்பேன். வழிதவறி வந்த அவரும் அதே மரக்கிளையில் அந்தக் குடும்பத்தோடு தொற்றிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடம் வந்ததும் பழக்கத்தால் அவர்தான் முதலில் காலை எடுத்து வைக்கிறார். "முதலில் குழந்தை, பிறகு பாட்டி, நீங்கள் கடைசியில் ஏறுங்கள், ஏறியதும் எழுந்து நிற்காதீர்கள், ஓடம் கவிழ்ந்துவிடும்" என்கிறாள் ஓடக்காரர் மகள். அவர் யார் என்பது அவளுக்குத் தெரியுமா, தெரியாதா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். தெரிந்தும் அப்படியே சொல்கிறாள் என்றால் எனக்கு இன்னும் பிடிக்கும். ஓடத்தில் நீர் ஏறுகிறது. இறைப்பதற்கு ஏனம் எதுவும் இல்லை. அரசர் தன் தலையிலிருந்த கிரீடத்தைக் கழற்றி, அதைக் கவிழ்த்துப் பிடித்து, கரை சேரும்வரை தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றுகிறார்.

மறுநாள் அரசர் பரிசு அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம். கதை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கரையில் அவர்கள் எல்லாரும் ஈரத்தோடு ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் காட்சி வரை எழுதிவிட்டு, கடைசிப் பத்தியை எழுதாமல் உங்கள் மகளிடம் படித்துக் காட்டுங்கள். அந்த அக்காவிடம் அரசர் அப்போது என்ன கேட்டார் என்று அவள் சொல்லட்டும். அவள் சொல்வதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதிச் சேர்த்து எனக்கு அனுப்பிவையுங்கள்.